ரிக்வெஸ்ட்டுன்னா கெஞ்சுறதா?

"ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி"... இந்த ஒரு வரிய நான் டைப் அடிச்ச அளவுக்கு என் சொந்தப் பேரக்கூட எழுதியிருக்க மாட்டேன். பாளையங்கோட்டையில ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் சேத்து சின்னதா ஒரு கடை வச்சிருக்கேன், பள்ளிக்கூடத்துப் புள்ளைக லீவ் லெட்டர்லருந்து டிரான்ஸ்ஃபர் கேக்குற வாத்தியாரு மனு வரைக்கும் இங்கனதான் வரும், எதை எடுத்தாலும் உள்ள இந்த ரிக்வெஸ்ட் உக்காந்திருக்கும்.

ஒரு நா பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருத்தன் லீவ் லெட்டர் பிரிண்ட் எடுக்க வந்தான். ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்னு தொடங்குமே, அதேதான், காய்ச்சல் அடிக்கிற ஆள் மாதிரி இல்ல, கையில ஐஸ் வச்சிருந்தான். "அண்ணாச்சி, ஆஸ்க்னாலும் கேக்கதுதான், ரிக்வெஸ்ட்னாலும் கேக்கதுதான், பொறவு எதுக்கு ரெண்டு வார்த்தை?"ன்னான். ரிக்வெஸ்ட்னா மரியாதையா கேக்கதுலேன்னு சொன்னேன். "அதுலயே மரியாதை இருக்குன்னா ஹம்ப்ளி எதுக்கு, கைண்ட்லி எதுக்கு?"ன்னுட்டு காசக் குடுத்துட்டுப் போயிட்டான். எனக்கு அன்னைக்கு பூரா வேலை ஓடல.

அப்புறம் ஒக்காந்து தேடுனேன். தேடுனேன்னு சொல்லுதேன் பாத்தியளா, அந்த வார்த்தையோட பொருளே அதுதானாம். லத்தீன்ல குவேரெரேன்னு ஒரு வினை, தேடுறதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னால ரெ போட்டா ரெக்வீரெரே, திரும்பத் திரும்பத் தேடு, தேடிக் கேளுன்னு ஆகும். அது பழைய பிரெஞ்சுல ரெகெஸ்த்னு மாறி, பிரான்ஸ் பக்கத்துலருந்து வந்த நார்மன்காரங்க இங்கிலாந்த பிடிச்ச பொறவு பிரெஞ்சு வார்த்தைக கோர்ட்டுக்குள்ளயும் அரண்மனைக்குள்ளயும் மூட்டை மூட்டையா எறங்குச்சுல்லா, அந்தக் கூட்டத்தோட இங்கிலீஷுக்கு வந்திருக்கு. பெயர்ச்சொல்லா 14ம் நூற்றாண்டுலயே வந்துட்டு, வினைச்சொல்லா பொழங்க ஆரம்பிச்சது 16ம் நூற்றாண்டுலதான். மொதல்ல ஒரு பொருளோட பேரா இருந்து பொறவுதான் செயலாச்சு. இத ஞாபகத்துல வச்சுக்கிடுங்க, நம்ம ஆளுக பண்ற ஒரு தப்புக்கும் இதுக்கும் பின்னால ஒரு தொடர்பு வரும்.

அந்த தேடுற வேர்லருந்து வந்த கூட்டம் இருக்கே, ஒரு கல்யாண வீட்டுப் பந்தி தாங்காது. கொஸ்டின் அதுல ஒண்ணு, குவெரி ஒண்ணு, என்கொயரி ஒண்ணு, ஆஃபீஸ்ல எழுதுறாவளே ரெக்விசிஷன், அது ஒண்ணு. வருமான வரி ஃபார்ம்ல பெர்க்விசிட்னு ஒரு கட்டம் இருக்கும், சம்பளம் போக கம்பெனி குடுக்குற கார், வீடு மாதிரி சமாச்சாரத்துக்கு, அதுவும் இந்த வம்சம்தான். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது காங்கர், அதான் படையெடுத்து நாட்டப் பிடிக்கது. அதுவும் ரிக்வெஸ்ட்டும் ஒரே வயித்துல பொறந்த புள்ளைக. ஒருத்தன் தேடுன பொருள கேட்டு வாங்குதான், இன்னொருத்தன் கேக்காமலே எடுத்துக்கிடுதான், அவ்ளோதான் வித்தியாசம்.

ரிக்வயர்னு இன்னொண்ணு இருக்கு, அது ரிக்வெஸ்ட்டுக்கு ரெட்டைப் புள்ளைன்னே சொல்லலாம், ரெண்டும் அதே ரெக்வீரெரேதான். ஒரு காலத்துல இங்கிலீஷ்ல ரிக்வயர்னாலும் கேட்டுக்கிடுதது, வேண்டுததுதான் அர்த்தம். போகப் போக அது மேல ஏறி, கண்டிப்பா வேணும், செஞ்சே ஆகணும்னு ஆயிட்டு. ஒரே வீட்டுல அண்ணன் அதிகாரியாயிட்டான், தம்பி மனு குடுக்குறவனாவே நின்னுட்டான். இவனுக ரெண்டு பேரும் ஒரே வாக்கியத்துல சந்திச்சுக்கிடுத எடம் நம்ம நாட்டு சட்டத்துல ஒண்ணு இருக்கு. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம், 6வது பிரிவு, 2வது உட்பிரிவு. தகவல் வேணும்னு ரிக்வெஸ்ட் பண்றவர், எதுக்காக கேக்கேன்னு காரணம் சொல்ல ரிக்வயர்ட் கிடையாதுன்னு இங்கிலீஷ் மூலத்துல இருக்கும். படிச்சுப் பாத்தா சிரிப்பா வரும். தம்பி கேக்கான், அண்ணன் வாய மூடிட்டு நிக்கான். பத்து ரூவா கட்டணத்தோட ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா 30 நாளுக்குள்ள பதில் தரணும், அதுக்கு சட்டம் வச்சிருக்கற பேரு ரிக்வெஸ்ட்தான். எழுதிக் குடுக்கறவன் யார் கால்லயும் விழ வேண்டியதில்ல. ஆனா எங்கிட்ட அந்த மனு டைப் அடிக்க வாரவங்கள்ல பாதிப் பேரு "அண்ணாச்சி, கொஞ்சம் பணிவா போட்டு விடுங்க, இல்லன்னா தரமாட்டாவ"ம்பாவ.

ஒரு நா சனிக்கெழமை சாயங்காலம் ஒரு ஆச்சி வந்தாவ, முன்னீர்பள்ளம் பக்கமாம். முதியோர் உதவித்தொகை மூணு மாசமா நின்னு போச்சு, ஏன்னு ஒரு ஆபீஸ்ல கேட்டா அங்க போன்னாங்களாம், அங்க போனா இங்க போன்னாங்களாம், சரி திங்கக்கெழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துருவோம்னு வந்திருக்காவ. நான் வழக்கம்போல "ஐயா, கருணை கூர்ந்து"ன்னு தொடங்கி அடிச்சுட்டு படிச்சுக் காட்டுனேன். ஆச்சி கைய நீட்டி நிப்பாட்டுனாவ. "யய்யா, ரொம்பக் கெஞ்சி எழுதிராத. எனக்கு வர வேண்டியதத்தான கேக்கேன்."

மொத்த விஷயமும் அதுலயே முடிஞ்சு போச்சு, ஆனாலும் நான் விடப்போறதில்ல, இத்தனை நாள் படிச்சத எங்க போய் சொல்ல.

இங்கிலாந்துல கோர்ட் ஆஃப் ரிக்வெஸ்ட்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு. பேரு கேட்டா சினிமா டைட்டில் மாதிரி இருக்கு, ஆனா நெசமாவே ஒரு கோர்ட்டு. 15ம் நூற்றாண்டோட கடைசியில உருவாகி 17ம் நூற்றாண்டு உள்நாட்டுச் சண்டை நேரம் வரைக்கும் நடந்துச்சு. பெரிய கோர்ட்டுல செலவழிச்சு வழக்காட முடியாத ஆளுக ராசாவுக்கே மனு போடுவாங்க, அந்த மனுவ விசாரிக்கத்தான் அது, அதனால ஏழைங்க கோர்ட்டுன்னே அதுக்கு ஒரு பேரு உண்டு. இப்ப நம்ம ஊர்ல திங்கக்கெழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு பஸ் பஸ்ஸா ஆள் வருதே, அத நினைச்சுக்கிடுங்க. ஆக ரிக்வெஸ்ட்ங்கற சொல்லு ரொம்ப நாளாவே தாளு, முத்திரை, மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு, இதுக நடுவுல பொழங்குன சொல்லு. அடுப்பங்கரையில "ரிக்வெஸ்ட் பண்ணி" உப்பு வாங்குனா வெள்ளைக்காரனும் சிரிப்பான், அங்க ஆஸ்க்தான்.

தமிழ்லயும் இதே மாதிரி ஒண்ணு கெடக்கு, நாமதான் கவனிக்கிறதில்ல. மன்றாடுன்னு சொல்லுதோமே. மன்று, ஊர் கூடுற எடம், சபை. அங்க போய் வழக்கு பேசுறதுதான் மன்றாடுறது. நியாயம் கேக்கப் போன சொல்லு, இப்ப கண்ணீர் விட்டுக் கெஞ்சுறதுக்கு ஆயிட்டு. நம்ம பக்கம் கோயில்ல, ஆர்.சி. கோயிலச் சொல்லுதேன், மன்றாட்டு மாலைன்னு ஒண்ணு படிப்பாங்க, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு சனம் பூரா சேந்து சொல்லும். அந்த "கொள்ளும்" இருக்கு பாருங்க, அது ஏதோ பழைய பைபிள் தமிழ்னு வெளியூர்க்காரன் நினைப்பான், நம்ம ஊர்ல சம வயசுக்காரன்கிட்ட "வாரும்வே, இரியும், காப்பி சாப்பிடும்"னு தெனம் பேசுறதும் அதே உம்தான். சாமிகிட்டயும் டீக்கடை அண்ணாச்சிகிட்டயும் ஒரே மரியாதை, என்ன ஒரு ஊரு.

ஆஸ்க் கதை இதவிட நல்லா இருக்கும். அது லத்தீன்லருந்து வரல, இங்கிலீஷ்காரனோட சொந்த வீட்டு வார்த்தை. பழைய இங்கிலீஷ்ல ஆஸ்கியான்னும் சொன்னாங்க, ஆக்சியான்னும் சொன்னாங்க, ரெண்டும் ஓடிச்சு. இன்னைக்கும் சில ஊர் ஆளுக ஆஸ்க்க ஆக்ஸ்னு சொன்னா படிக்காதவன்னு நக்கலடிக்கிறாங்கல்ல, 1535ல கவர்டேல் அச்சுப் போட்ட இங்கிலீஷ் பைபிள்ல மத்தேயு 7:7, நம்ம "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்", அந்த எடத்துல ஆக்ஸ்னுதான் இருக்கு. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல ஆஸ்க் ஆயிட்டு. எழுத்து எடம் மாறுறது நமக்கு என்ன புதுசா? மதுரைய மருதைன்னும் குதிரைய குருதைன்னும் எங்க தாத்தா காலம் வரைக்கும் சொன்னாங்க, யாரும் மூக்க உடைக்கல.

இந்த ஆஸ்க்க இன்னும் பின்னால நூல் பிடிச்சுட்டுப் போனா, விரும்பு, தேடுன்னு அர்த்தம் வார ஒரு ஆதி வேர்ல போய் முட்டுது. அதே வேர்லருந்துதான் சமஸ்கிருதத்துல இச்சா வருது. இச்சாவ நாம கடன் வாங்கி இச்சைன்னு வச்சிருக்கோம். ஆக ஆஸ்க்கும் இச்சையும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி! இதப் படிச்சப்ப கடையில நான் மட்டும்தான் இருந்தேன், யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு, கடைசியில தண்ணி கேன் போட வந்த தம்பிகிட்ட சொன்னேன், அவன் "அப்டியாண்ணாச்சி, காலி கேன் எங்க"ன்னான்.

இங்க ஒரு ஜாக்கிரதை சொல்லிருதேன். இத வச்சுகிட்டு இங்கிலீஷ் தமிழ்லருந்து வந்துச்சுன்னு வாட்ஸப்புல ஃபார்வேர்டு ஆரம்பிச்சிராதிய. இச்சை நம்ம வீட்டுக்கு வந்து தங்குன சொல்லு, அது வழியாத்தான் சொந்தம். தமிழ் தனிக் குடும்பம், திராவிடக் குடும்பம்னு 1856ல பொஸ்தகம் போட்டு ஒலகத்துக்கு எடுத்துச் சொன்ன கால்டுவெல் இருந்ததே நம்ம திசையன்விளை பக்கத்து இடையன்குடியிலதான், அங்கேயே அடக்கமும் பண்ணியிருக்கு. தமிழுக்குன்னு உள்ள சொந்தச் சொல் வேண்டு. அதுலயும் பாருங்க, வேணும்னாலும் வேண்டுதான், வேண்டிக்கிட்டாலும் வேண்டுதான். ஆசைப்படுறதும் கேக்குறதும் ஒரே சொல்லுல. ரெண்டு குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் இல்ல, புத்தி ஒரே மாதிரி போயிருக்கு.

ப்ரே, அதான் ஜெபம் பண்றது, அதுவும் ஆதியில கேக்குறதுதான். லத்தீன் ப்ரெகாரி, கெஞ்சிக் கேளு. அதே வேர் ஜெர்மன்ல ஃப்ராகன், கேள்வி கேக்குறது. சமஸ்கிருதத்துல ப்ரச்ன, கேள்வி. அத நாம வாங்கி பிரச்சினைன்னு வச்சுகிட்டோம்! கேள்வின்னு வந்த வார்த்தை நம்மகிட்ட வந்து வம்பாயிட்டு, கேள்வி கேட்டாலே பிரச்சினைதான்னு எவனோ அனுபவிச்சு சொல்லியிருக்கான். பழைய அர்த்தம் சுத்தமாப் போயிடல, நம்ம பக்கம் கேரளா பார்டர் வரைக்கும் வீட்டுல ஏதாவது சரியில்லன்னா பிரசன்னம் பாக்கப் போறாவல்லா, சோழி உருட்டி, அங்க அது கேள்விங்கற அர்த்தத்துலதான் நிக்கி. வக்கீல் ஆபீஸ்ல வேல பாக்குற நம்ம சேக்காளி ஒருத்தன் மனு அடிக்க வந்தா "பிரேயர் மட்டும் தனிப் பாராவா போடு"ம்பான், அதாவது கோர்ட்டு என்ன உத்தரவு போடணும்னு கேக்குற கடைசிப் பகுதி. மொதத் தடவ கேட்டப்ப சாமி கும்பிடுற பகுதி எதுக்கு மனுவுலன்னு முழிச்சேன்.

பீட்னா பாசி மணின்னு தெரியும். அது மொதல்ல மணியே இல்ல, ஜெபம். பழைய இங்கிலீஷ்ல கெபெட்னா வேண்டுதல், அத எண்ணுறதுக்கு கையில உருட்டுன மணிக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிட்டு. உவரி, மணப்பாடு பக்கம் அந்தோணியார் கோயில்ல செபமாலை உருட்டிட்டு இருக்கிற பாட்டி கையில இருக்கது வேண்டுதல், அது அப்டியே வளவி வாங்குற ஃபேன்சி ஸ்டோர் பாக்கெட் வரைக்கும் வந்துட்டு.

இப்ப எதுக்கு இந்தக் கூட்டத்த எல்லாம் கூப்பிட்டேன்னா, இங்கிலீஷ்ல கேக்குற வார்த்தைக ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு ஒடம்பு இருக்கு. இம்ப்ளோர்ல அழுகை இருக்கு, ப்ளோராரேன்னா லத்தீன்ல அழுறது. சப்ளிகேட்ல முட்டி மடங்குதுன்னு பொதுவா சொல்லுதாவ. பெக் எங்கருந்து வந்துச்சுன்னு சொல் ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளயே சண்டை, ஆனா அர்த்தம் பிச்சை, அத போயி நம்ம ஆளுக வெள்ளைக்காரன் காலத்துலருந்து "ஐ பெக் டு ஸ்டேட்"னு எழுதிட்டு வாராங்க, அதாவது ஐயா நான் ஒரு விஷயம் சொல்லிக்கிட பிச்சை கேக்கேன். ரிக்வெஸ்ட்டுக்குள்ள அழுகை கிடையாது, முட்டி கிடையாது, பிச்சை கிடையாது. ஒரு ஆளு ஒரு பொருளத் தேடுதான், அது எங்க இருக்கோ அங்க போய் நிமிந்து நின்னு கேக்கான். அந்த பிளஸ் ஒன் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான், அப்ப தெரியல.

சாலிசிட்ட விட்டுட்டேன். அதுக்கு லத்தீன்ல ஆட்டி அசைக்கது, கலவரப்படுத்துறதுன்னு அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில இங்கிலீஷ் பக்கத்துல "வி சாலிசிட் யுவர் கிரேஷியஸ் பிரசென்ஸ்"னு போடணும்னு நம்ம பக்கம் ஒரு பிடிவாதம் உண்டு. வெளிநாட்டுல அந்த வார்த்தைய வீடு வீடா கதவத் தட்டி சாமான் விக்கதுக்கும், ரோட்டுல நின்னு தொழிலுக்கு ஆள் கூப்பிடுததுக்கும்தான் அதிகம் சொல்லுவாங்க. ஒரு கல்யாண வீட்டு பெரியப்பாகிட்ட பைய எடுத்துச் சொன்னேன், ரிக்வெஸ்ட்னு போட்டுருவோம்னு. "எங்க அண்ணன் மவன் பத்திரிகையில சாலிசிட்தான இருந்துச்சு, எங்களுக்கு மட்டும் என்ன கொறச்சல்?"னு கேட்டுட்டாவ. சாலிசிட்டே போட்டேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு.

சரி, பொழங்குறதுல வாற தப்புக்கு வாரேன். "ஐ ரிக்வெஸ்ட் ஃபார் டூ டேஸ் லீவ்"னு எழுதுறோம். அந்த ஃபார் அங்க வரப்புடாது. வினையா வந்தா நேரா பொருளப் பிடிக்கும், ரிக்வெஸ்ட் லீவ், முடிஞ்சுது. பெயரா வந்தாத்தான் ஃபார், எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ். ஏன் நமக்கு மட்டும் இந்த ஃபார் ஓடி வந்து ஒட்டிக்கிடுது? நம்ம தமிழ்ல "லீவுக்கு ரிக்வெஸ்ட் பண்ணேன்"னு சொல்லுதோம். வினை வேலைய "பண்ணு" பாத்துக்கிடுது, ரிக்வெஸ்ட் அங்க வெறும் பேரா நிக்கி, அதுக்கு முன்னால ஒரு க்கு. அந்த க்குதான் இங்கிலீஷ்ல எழுதும்போது ஃபாரா முளைக்குது. டிஸ்கஸ் அபவுட்னு எழுதுறதும் இதே வியாதிதான், "அதப் பத்தி டிஸ்கஸ் பண்ணோம்"ல இருக்கற பத்தி. வெள்ளைக்காரன் பெயர்ச்சொல்ல பிடிச்சு 16ம் நூற்றாண்டுல வினையாக்குனான், நாம அத திரும்ப பெயராக்கி பக்கத்துல ஒரு பண்ணுவ காவலுக்கு நிறுத்திட்டோம்.

ஆளப் பிடிச்சு சொல்லணும்னா ரிக்வெஸ்ட் யூ டு, அது சரி. ரிக்வெஸ்ட் தட்னு போட்டா அதுக்கப்புறம் ஹி பி டிரான்ஸ்ஃபர்ட்னு வரும், இஸ் வராது. அங்க பி வாரதப் பாத்து தப்புன்னு திருத்தி எங்கிட்ட சண்டைக்கு வந்த ஒரு சார்கூட உண்டு, பேரு வேண்டாம்.

யூ ஆர் ரிக்வெஸ்டட் டு-ன்னு ஒரு லெட்டர் வந்தா மட்டும் உஷாரா இருக்கணும். பாக்க வேண்டுகோள் மாதிரி இருக்கும், உள்ள உத்தரவு. கரண்ட் பில்லு பாக்கிய 7 நாளுக்குள்ள கட்டும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்னு வந்தா, முடியாதுங்கன்னு பதில் போட முடியுமா? மறுக்க எடம் இருந்தாத்தான் அது ரிக்வெஸ்ட்டு. ஜங்ஷன்ல "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு அந்தம்மா சொல்லும்போதும் நம்ம கனிவ யாரும் எதிர்பாக்கறதில்ல, நெல்லை எக்ஸ்பிரஸ் எந்த பிளாட்பாரம்னு காதுல விழுந்தாப் போதும்.

கம்ப்யூட்டர்க்காரங்க இந்த விஷயத்துல சுத்தம். நாம ஒரு பக்கத்தத் தொறந்தா நம்ம மெஷின் சர்வருக்கு அனுப்புறது ரிக்வெஸ்ட், அது தாரது ரெஸ்பான்ஸ். ஹம்ப்ளியும் கிடையாது, கைண்ட்லியும் கிடையாது. கேட்ட முறை தப்பா இருந்தா 400, பேட் ரிக்வெஸ்ட். கேட்ட பொருளே அங்க இல்லன்னா 404. ஆபீஸ்ல இதே மாதிரி நம்பர் போட்டு சொல்லிட்டா எம்புட்டு நல்லா இருக்கும், "நாளைக்கு வாங்க"ங்கறதுக்கு என்ன நம்பர் போடுததுன்னுதான் தெரியல.

தமிழுக்குள்ள ரிக்வெஸ்ட் வந்து என்ன ஆச்சுங்கறதுதான் என் மனசுல முள்ளு மாதிரி நிக்கது. நாம ரிக்வெஸ்ட்னு சொல்லும்போது கேக்குற அர்த்தத்துல சொல்லுறதில்ல. "எவ்வளவோ ரிக்வெஸ்ட் பண்ணிப் பாத்தேன், கேக்கவே இல்ல"ம்போம். இங்க ரிக்வெஸ்ட்னா கெஞ்சுனேன், கிட்டத்தட்ட அழுதேன். அதே வரியில கடைசியில வார "கேக்கல" இருக்குல்ல, அது காதுல வாங்கலங்கற அர்த்தம். நம்ம கேள் ரெண்டு வேல பாக்குற சொல்லு, வாயால கேக்கதும் கேள், காதால கேக்கதும் கேள். பக்கத்துல மலையாளத்துல கேள்க்குகன்னா காது மட்டும்தான், வாய்க்கு சோதிக்குகன்னு தனியா வச்சிருக்காங்க. குறள்ல 42வது அதிகாரம் கேள்வின்னு இருக்கு, கேள்வி கேக்கறதப் பத்தின்னு நினைச்சு தொறந்தா முழுக்க காதப் பத்தி இருக்கும். அந்த வாய் வேலையில ஒரு பங்க ரிக்வெஸ்ட் பிடுங்கிட்டு, அதையும் கெஞ்சலா மாத்திட்டு.

இத்தனைக்கும் வேண்டிக் கேக்குறதுக்கு நம்மகிட்ட என்ன குறை? சும்மா "கேக்கேன்"னா கேள்வி. "கேட்டுக்கிடுதேன்"னா ரிக்வெஸ்ட். நடுவுல ஒரு கொள்ளு, எழுத்துல கேட்டுக்கொள்கிறேன், வேற ஒண்ணும் சேக்கல. வாயேன், தாயேன், தாங்களேன், கடைசியில ஒரு ஏன் சேத்தாப் போதும், ப்ளீஸே தேவையில்ல. "ஒரு எட்டு வந்துட்டுப் போவியளா"ன்னு கேள்வியாப் போட்டா இன்னும் எளகும். தயவுசெய்துங்கற வார்த்தைய நான் எங்க வீட்டுல ஒருத்தர் வாயிலயும் கேட்டதில்ல, போர்டுலதான் பாத்திருக்கேன், தயவுசெய்து இங்கு சிறுநீர் கழிக்காதீர், அது பக்கத்துலயே நனைஞ்சுதான் கெடக்கும்.

தொல்காப்பியத்துல எச்சவியல்ல இதுக்கு ஒரு விதியே இருக்கு. ஈ, தா, கொடு, மூணும் ஒருத்தர்கிட்ட ஒண்ணக் கேக்கும்போது வார சொல்லு. தாழ்ந்தவன் கேட்டா ஈ, சமமானவன் கேட்டா தா, ஒசந்தவன் கேட்டா கொடு. ஈ செத்துப் போச்சு, ஈகைன்னு மேடைப் பேச்சுல மட்டும் வருது, பேச்சுல யாரும் "ஈ"ன்னு கேக்கறதில்ல. மெட்ராஸ்ல எல்லாத்துக்கும் குடு, "குடுக்குறேன்". நம்ம பக்கந்தான் இன்னும் தா உசிரோட இருக்கு. "அண்ணாச்சி, அரை லிட்டர் நல்லெண்ணெய் தாங்க", "நாளைக்கு தாரேன்", "கைமாத்தா ஒரு ஐநூறு தாடே". கடன் கேக்கும்போதுகூட சமமானவன் வார்த்தையிலதான் கேக்கோம், அந்தத் தெம்பு எங்கருந்து வருதுன்னு கடன் குடுத்தவனத்தான் கேக்கணும்.

அந்த ஆச்சி மனுவுக்கு வாரேன். கருணை கூர்ந்த அழிச்சேன். பொற்பாதத்தத் தூக்குனேன். பேரு, ஊரு, எந்த மாசத்துலருந்து பணம் வரல, பாஸ்புக்குல கடைசியா வரவு விழுந்த தேதி, எந்தெந்த தேதிக்கு எங்க போய் கேட்டாவ, எல்லாம் வரிசையா போட்டு கடைசியில "நிறுத்திய காரணத்தை எழுத்தில் தெரிவித்து, நிலுவைத் தொகையை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்"னு முடிச்சேன். முன்ன ஒரு பக்கம் வந்தது இப்ப அரைப் பக்கந்தான் வந்துச்சு. திரும்ப சத்தமா படிச்சுக் காட்டுனேன், ஆச்சி கண்ண மூடிட்டு கேட்டாவ, ஒரு எடத்துல மட்டும் "அது புரட்டாசி இல்ல, ஆவணி"ன்னு திருத்துனாவ. கையெழுத்து போடத் தெரியும்னு சொல்லி பேனாவ வாங்கி ஒவ்வொரு எழுத்தா எழுதுனாவ, பொன்னம்மாளா செல்லம்மாளா அது இங்க வேண்டாம், எழுதி முடிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. மனு குடுத்துட்டு நம்பர் போட்ட ரசீது வாங்காம வந்துராதியன்னு சொன்னேன். எவ்வளவுன்னு கேட்டாவ, நான் இருக்கட்டும் ஆச்சின்னேன். முந்தானை முடிச்ச அவுத்து இருவது ரூவா எடுத்து மேசையில வச்சுட்டு, "அப்டியே இதுல எனக்கு ஒரு காப்பி தாய்யா"ன்னாவ.